வெயில் ஊரில் இதயத் துடிப்பு மானியைப் பயன்படுத்தும் முறை

இதயத் துடிப்பு மானியை வாங்கியவுடன் அதைக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்க வேண்டாம். முதலில் ஒரு வாரம், காலையில் கண் விழித்ததும் படுக்கையை விட்டு எழும் முன்பே துடிப்பை அளந்து குறித்துவைத்து, அவற்றின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஓய்வுநிலைத் துடிப்பு பெரியவர்களுக்குப் பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும். நெடுங்காலம் பயிற்சி செய்பவர்களுக்கு அதற்கும் கீழே இறங்குவதுண்டு.

அடுத்து உச்சத் துடிப்பு. 220-இலிருந்து வயதைக் கழிப்பது பழைய கணக்கு. 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது 2001-இல் வெளியான ஆய்வின் கணக்கு. 40 வயதில் இரண்டும் 180 என்றே தரும். 60 வயதில் முன்னது 160, பின்னது 166. இரண்டும் சராசரியே என்பதால், ஒருவருடைய உண்மையான உச்சம் பத்துத் துடிப்புக்கு மேலும்கூட வேறுபடலாம். உச்சத்திலிருந்து ஓய்வுநிலைத் துடிப்பைக் கழித்து, மிச்சத்தில் வேண்டிய விழுக்காட்டை எடுத்து, அதனுடன் ஓய்வுநிலைத் துடிப்பை மீண்டும் கூட்டுவது கார்வோனன் முறை. வயது 40, ஓய்வில் 70 என்றால் மிச்சம் 110. அதில் 50 விழுக்காட்டுக்கு 125, 60 விழுக்காட்டுக்கு 136. புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலான நாள்களில் இந்த எல்லைக்குள் நிற்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மானி நெஞ்சுப்பட்டையாகவோ கைக்கடிகாரமாகவோ இருக்கலாம். நெஞ்சுப்பட்டை இதயத்தின் மின்குறியை நேரடியாக வாங்குவதால் நம்பகமானது. உள்பக்கத்தில் தோலைத் தொடும் பகுதியைத் தண்ணீரால் நனைத்து, மார்புக்குச் சற்றுக் கீழே இறுக்கமாகக் கட்ட வேண்டும். காய்ந்த பட்டை முதல் சில நிமிடங்களுக்குத் தாறுமாறான எண்களைக் காட்டும். கைக்கடிகாரம் பச்சை ஒளியால் இரத்த ஓட்டத்தை அளக்கிறது. அதை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, அசையாதபடி கட்டுங்கள். மெதுவாக ஓடும்போதே திடீரென 170 என்று காட்டினால், அது காலடிகளை எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். நின்று நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் மானியின் உண்மையான பயன் சித்திரை, வைகாசியில்தான் தெரியும். வெப்பத்தில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் இரத்தம் போகிறது. வியர்வையால் உடலின் நீரும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தம் குறைவதால், அது அடிக்கடி துடித்து ஈடுகட்டுகிறது. ஆகவே பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் ஒரே வேகத்தில் சுற்றினாலும், முதல் பத்து நிமிடத்தில் 130 காட்டிய மானி அரை மணி நேரத்தில் 142 காட்டக்கூடும். அப்போது வேகத்தைக் காப்பாற்ற முயலாமல், எண் எல்லைக்குள் வரும்வரை நடந்துவிடுங்கள். சாரல் காலத்தில் அதே வேகம் குறைந்த துடிப்பிலேயே கைகூடும். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் மலைச்சாலையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் இதுவே வழி.

இரத்த அழுத்தத்துக்காக அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களின் துடிப்பு எவ்வளவு உழைத்தாலும் அடங்கியே இருக்கும் என்பதால், மேற்சொன்ன கணக்குகள் அவர்களுக்குப் பொருந்தா. எல்லையை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், தாறுமாறான படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும், மானி எந்த எண்ணைக் காட்டினாலும் உடனே பயிற்சியை நிறுத்தி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.