இருபது ப்ராஜெக்ட் பார்த்தவர் போர்ட்ஃபோலியோ மேனேஜர் ஆகிவிடுவாரா?

ஒரு திட்டத்தை நடத்தும் ப்ராஜெக்ட் மேனேஜர், அதற்கு மேல் தொடர்புடைய பல திட்டங்களைச் சேர்த்து நடத்தும் புரோகிராம் மேனேஜர், அதற்கும் மேல் நிறுவனத்தின் பணத்தையும் ஆட்களையும் எந்தெந்தத் திட்டத்தில் போடுவது என்று பார்க்கும் போர்ட்ஃபோலியோ மேனேஜர் என்று ஓர் ஏணிப் படம் திட்ட மேலாண்மைத் துறையில் பலர் மனதில் இருக்கிறது. கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு திட்டத்தைச் சமாளித்தவர் ஐந்தைச் சமாளிப்பார், ஐந்தைச் சமாளித்தவர் ஐம்பதையும் பார்த்துக்கொள்வார் என்று எண்ணி வருகிறார்கள். ஆனால் ப்ராஜெக்ட் மேனேஜரிடம் நிர்வாகம் கேட்பது, “சொன்ன தேதிக்குள், சொன்ன செலவுக்குள் முடிப்பீர்களா?” என்று. போர்ட்ஃபோலியோவில் கேட்பதோ, “இதைச் செய்யத்தான் வேண்டுமா? இதே ஆட்களையும் பணத்தையும் வேறு எதில் போட்டால் நல்லது?” என்று. முதல் கேள்விக்குப் பழகிய கை இரண்டாவதுக்குத் தானாக வந்துவிடாது.

தொடங்கியதை முடித்தே தீர வேண்டும் என்பது நல்ல ப்ராஜெக்ட் மேனேஜரின் ரத்தத்தில் ஊறியது. புதிய நாற்காலியில் அதுவே காலை வாரிவிடும். ஒரு திட்டத்துக்கு 100 அலகு பட்ஜெட், 80 செலவாகிவிட்டது, முடிக்க இன்னும் 60 வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள், முடிந்தால் கிடைக்கும் பலன் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். “இவ்வளவு போட்டாச்சே” என்று மனம் இழுக்கும். போட்ட 80 எப்படியும் திரும்பாது. 60 போட்டு 50 எடுப்பதா என்பது மட்டும்தான் கேள்வி. நிறுத்த வேண்டியதுதான். இந்தப் பாடத்தைக் கற்றவர்கள் உடனே எதிர்ப்பக்கம் சாய்வதும் உண்டு. அதே திட்டத்தை முடிக்க 20 போதும், பலன் 50 என்றால் தொடர வேண்டும். மொத்தக் கணக்கில் 100 போட்டு 50 எடுக்கும் நஷ்டத் திட்டம்தான், ஆனாலும் தொடர வேண்டும். “மொத்தத்தில் நஷ்டம், மூடுங்கள்” என்று வீரமாகப் பரிந்துரைப்பவர், கையில் வரவிருந்த 30 அலகைத் தூக்கி எறிகிறார். அந்த 20ஐ வேறொரு திட்டத்தில் போட்டால் 50க்கு மேல் கிடைக்கும் என்றால் மட்டும் கதை வேறு.

அடுத்தது, ரிப்போர்ட் சேகரிப்பாளராகவே தங்கிவிடுவது. நிறுவனத்தின் திட்டங்களைக் கண்காணிக்கும் அலுவலகமான பிஎம்ஓவில் சேரும் பலருக்கு முதல் வேலையே ஸ்டேட்டஸ் கேட்டு மெயில் போடுவது, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறமடித்து மாதக் கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரிப்பது. தொடக்கத்துக்கு அது பரவாயில்லை. எந்தத் திட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் அதிலேயே இருந்தால்தான் தொல்லை. ஒரு சோதனை வைத்துப் பாருங்கள்: நீங்கள் தயாரித்த அறிக்கையால் கூட்டத்தில் ஏதாவது ஒரு முடிவு மாறியதா? மாறவில்லை என்றால், அடுத்த முறை நிறங்களுக்குக் கீழே “இதற்கு ஆள் கொடுக்க அதைத் தள்ளிவைக்கலாமா?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்து அனுப்புங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மதிப்பெண் பட்டியல் மோகமும் பொல்லாதது. வியூகப் பொருத்தத்துக்கு (நிறுவனத்தின் இலக்கோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு) இத்தனை, வருவாய்க்கு இத்தனை, அபாயத்துக்கு இத்தனை என்று எடைபோட்டு, 3.6 வாங்கிய திட்டம் மேலே, 3.5 வாங்கியது கீழே என்று வரிசைப்படுத்துவார்கள். ஊகத்தின் மேல் ஊகம் அடுக்கி வந்த எண்ணில் அந்த 0.1க்கு ஒரு பொருளும் இல்லை. தவிர, தன் திட்டத்துக்கு ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொள்ளாத ஸ்பான்சர், அதாவது திட்டத்துக்குப் பின்னால் நிற்கும் மேலதிகாரி, யார்?

இதைவிடப் பெரிய ஓட்டை, தட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்று பட்டியல் சொல்லாதது. டெஸ்டிங் குழுவிடம் மொத்தம் 10 ஆள்-மாதம்தான் (ஓர் ஆள் ஒரு மாதம் செய்யும் வேலை ஓர் ஆள்-மாதம்) இருக்கிறது என்போம். முதலிடத் திட்டம் 82 அலகு பலன் தரும், ஆனால் அந்தப் பத்தையும் விழுங்கிவிடும். அடுத்த இரண்டும் தலா 60 தரும், தலா 4 ஆள்-மாதம் போதும். வரிசைப்படி போனால் 82. முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டை எடுத்தால் 120, கூடவே 2 ஆள்-மாதம் மிச்சம். இந்தக் கணக்குப் போட மென்பொருள் வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும். யாருக்கு எத்தனை வேலை தலையில் இருக்கிறது என்ற உண்மையான விவரம்தான் வேண்டும். அதைத் திரட்டுவதுதான் கடினம். அதனால்தான் பலர் புதிய டூல் வாங்கும் பேச்சுக்குத் தாவிவிடுகிறார்கள்.

போர்ட்ஃபோலியோ என்ற சிந்தனை முதலீட்டு உலகிலிருந்து வந்தது. 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் எழுதிய கட்டுரை, ஒவ்வொரு பங்கின் அபாயத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் போதாது, அவை சேர்ந்து எப்படி ஏறி இறங்குகின்றன என்பதைப் பார்க்க வேண்டும் என்று காட்டியது. 1990இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. நம் துறையில் இதை மறந்துவிடுகிறார்கள். பத்துத் திட்டமும் தனித்தனியே பச்சை. ஆனால் பத்தும் ஒரே வெண்டரை நம்பி நிற்கும். அந்த அபாயம் எந்த ப்ராஜெக்டின் அபாயப் பட்டியலிலும் முழு அளவில் தெரியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்காகப் பங்குச் சந்தை உவமையை ரொம்ப தூரம் இழுக்கவும் கூடாது. பிடிக்காத பங்கை நாளைக்கே விற்கலாம். பாதி கட்டிய திட்டத்தை வாங்க ஆள் கிடையாது.

நிதி மொழி தெரியாமல் இங்கே நிலைக்க முடியாது. நிகர தற்போதைய மதிப்பு (வருங்காலத்தில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றி, போடும் பணத்தைக் கழித்தால் மிஞ்சுவது), மூலதனச் செலவுக்கும் நடைமுறைச் செலவுக்கும் உள்ள வேறுபாடு, பட்ஜெட் ஆண்டின் சுழற்சி ஆகியவற்றை நிதித்துறை நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

சான்றிதழை முதலில் வாங்கிவிட்டு அனுபவத்தை அப்புறம் தேடலாம் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. திட்ட மேலாண்மைச் சான்றிதழ்கள் தரும் பிஎம்ஐ அமைப்பு 2014இல் கொண்டுவந்த பிஎஃப்எம்பி என்ற போர்ட்ஃபோலியோ சான்றிதழ்த் தேர்வை எழுதவே எட்டு ஆண்டு தொழில் அனுபவம் கேட்கிறார்கள். அதோடு, பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டு போர்ட்ஃபோலியோ அனுபவமும் வேண்டும். விண்ணப்பத்தை ஒரு குழு படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வு. பெரிய திட்டங்களை நடத்திய கதையைப் போர்ட்ஃபோலியோ அனுபவம் என்று அங்கே எழுதினால் எடுபடாது. அந்த அளவு ஆண்டுகள் சேராதவர்கள் பிரிட்டனில் உருவான எம்ஓபி என்ற போர்ட்ஃபோலியோ மேலாண்மை வழிமுறையின் அடிப்படைப் படிப்பான ஃபவுண்டேஷன் படிக்கலாம். அடிப்படைச் சொற்கள் பழகும். வேலை கிடைக்க அது மட்டும் போதாது.

ரெஸ்யூமிலும் இதே சிக்கல்தான். “ஒரே நேரத்தில் 20 திட்டங்களை மேற்பார்வையிட்டேன்” என்ற வரி உங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. எந்தத் திட்டத்தைத் தள்ளிவைக்கப் பரிந்துரைத்தீர்கள், என்ன கணக்கை வைத்து, அதிலிருந்து விடுவித்த ஆட்கள் எங்கே போனார்கள், முடிந்த திட்டத்தின் பலன் சொன்னபடி வந்ததா என்று ஓர் ஆண்டு கழித்து யார் பார்த்தார்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். “நீங்கள் நிறுத்தச் சொன்ன திட்டம் எது?” என்று நேர்காணலில் கேட்டால் பலருக்குப் பதில் வராது. இன்றைய பதவியில் நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். உங்கள் சொந்தத் திட்டத்தின் மீதிச் செலவையும் மீதிப் பலனையும் எழுதி ஸ்பான்சரிடம் கொடுப்பதற்கு எந்த அதிகாரமும் தேவையில்லை.