டீசல் ரேஸ் இன்ஜினுக்குக் கேம்ஷாஃப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஸ்லெட் புல்லிங் (கனமான சறுக்கு வண்டியை ட்ரக்கில் கட்டி இழுக்கும்) போட்டிக்கு ட்ரக் தயார் செய்கிறவர்களில் பலர் கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினில்தான் தொடங்குகிறார்கள். 1989-இல் டாட்ஜ் ட்ரக்குகளில் வந்த ஆறு சிலிண்டர் டீசல் அது. அதில் கேம்ஷாஃப்ட்டை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை (சுருக்கமாகக் கேம்), மாற்றும்போது பட்டறைக்கு வரும் புதுப் பையன்கள் நாங்கள் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். டார்க் (முடுக்கும் விசை) பார்க்காமல் போல்ட் முடுக்குவது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெட்ரோல் கார் பழக்கத்தில் ஓவர்லேப் கேட்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு மூடுவதற்குள் இன்டேக் (காற்று நுழையும்) வால்வு திறந்துவிடும் அந்தச் சிறிது நேரம்தான் ஓவர்லேப். டர்போ (புகையால் சுழன்று காற்றை உள்ளே அமுக்கித் தள்ளும் விசிறி) இல்லாத பெட்ரோல் ரேஸ் இன்ஜினில், வெளியேறும் புகையின் வேகமே புதுக் காற்றை உள்ளே இழுக்கும். அங்கே ஓவர்லேப் லாபம்.

டர்போ டீசலில் கதை வேறு. டர்போவைச் சுற்ற வேண்டிய புகை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாயில்) தேங்கி அழுத்தம் ஏறும். இதை டிரைவ் பிரஷர் என்போம். அது பூஸ்டைவிட (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தைவிட) அதிகமாக இருக்கும்போது இரண்டு வால்வும் திறந்திருந்தால், எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பி ஓடும். சிலிண்டரில் சூடான அழுக்குக் காற்று, எரியாத டீசல், கறுப்புப் புகை.

ஒரு பையன் டிராக் ரேஸ் கார் வைத்திருந்த நண்பர் சொன்னார் என்று பெரிய டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் காலம்), நிறைய ஓவர்லேப் உள்ள கேம் போட்டான். ஸ்லெட்டை இழுக்கத் தொடங்கியதும் டர்போ எழவே இல்லை, ட்ரக் அப்படியே அமுங்கியது. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று இன்னும் பெரிய டர்போ வாங்கினான். அது எழ இன்னும் நேரம் எடுத்தது. மேனிஃபோல்டில் ஒரு செப்புக் குழாய் வைத்து கேஜ் மாட்டிப் பார்த்தோம்: பூஸ்ட் 40 பிஎஸ்ஐ, டிரைவ் பிரஷர் 75. இந்த ஒரு கேஜை முதலிலேயே மாட்டியிருந்தால் இரண்டு செலவும் மிச்சம்.

கேமை மாற்றுவதும் லேசான வேலை இல்லை. ரேடியேட்டரும் முன் கவரும் கழற்ற வேண்டும். இந்த இன்ஜினின் டேப்பட்டுகள் (கேமின் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் துண்டுகள்) காளான் வடிவம், மேலே உருவ முடியாது. புஷ்ராட் (டேப்பட்டின் தள்ளலை வால்வுப் பக்கம் கொண்டு போகும் கம்பி) துளை வழியாக மரக்குச்சி செருகித் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கேமை உருவ வேண்டும். ஆகவே டர்போ, இன்ஜெக்டர், ஓட்டப்போகும் ஆர்பிஎம் மூன்றையும் முடிவு செய்த பிறகே கேம். கேம் செய்து தருபவரிடம் டிரைவ் பிரஷர் அளவையும் கொடுங்கள். கேட்காமல் கேம் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்டேக் வால்வு தாமதமாக மூடும் கேம்

சிலிண்டரில் காற்றின் அமுக்கம் குறையும். குளிரில் ஸ்டார்ட் ஆகாது, வெள்ளைப் புகை தள்ளும்.

டியூரேஷனை ஒப்பிடுவது

இரண்டு கேம்களுக்கும் 0.050 அங்குல லிஃப்டில் (டேப்பட் அவ்வளவு உயர்ந்த இடத்தில்) எடுத்த அளவையே பாருங்கள்.

பழைய ஸ்பிரிங்

40 மி.மீ. விட்டமுள்ள இன்டேக் வால்வின் முதுகில் 70 பிஎஸ்ஐ பூஸ்ட் சுமார் 60 கிலோ பலத்தோடு தள்ளும், மூடிய வால்வையும் திறக்கப் பார்க்கும். வால்வை மூடி வைக்கும் பழைய ஸ்பிரிங் இதைத் தாங்காது. பூஸ்டைச் சொல்லி ஸ்பிரிங் கேளுங்கள்.

பழைய டேப்பட்

வேண்டவே வேண்டாம். பழைய லோபோடு (கேமின் முட்டை வடிவப் புடைப்போடு) தேய்ந்து பழகிய டேப்பட் புது லோபில் சரியாகச் சுழலாது, இரண்டையும் அரித்துவிடும். புது டேப்பட், லோபில் மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த மசகு), துத்தநாகம் அதிகமுள்ள ஆயில். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 1,500 ஆர்பிஎம்முக்கு மேல், ஏற்றி இறக்கி, 20 நிமிடமாவது ஓட்டுங்கள்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி

டீசலில் பிஸ்டன் ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடியை) தொடுமளவு மேலே வரும். ஹெட்டை மெஷினில் சீவியிருந்தால் இடைவெளி இன்னும் குறைந்திருக்கும். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, கையால் இரண்டு சுற்று சுற்றி, அழுந்திய இடத்தை வெட்டி அளந்துவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். போதவில்லை என்றால் பிஸ்டனில் வால்வுக் குழி வெட்டுங்கள், அல்லது சின்ன கேமுக்கு மாறுங்கள்.