மருந்து போட்ட எடம் எரியுதா? அப்ப இதெல்லாம் பண்ணாதீங்க

சேலத்துல மெடிக்கல் ஷாப்ல நிக்கிறவ நான். ஏப்ரல் மே வந்துட்டா போதும், மூஞ்சி செவந்து மூக்கோரம் தோல் உரிஞ்சு "அக்கா இந்த க்ரீம் எனக்கு ஒத்துக்கல, வேற குடுங்க"ன்னு ஒரு கூட்டமே வரும். நான் பாத்த வரைக்கும் பாதி பேரு விஷயத்துல க்ரீம் மேல தப்பே இருக்காது, போட்ட விதம்தான் தப்பு.

பருவுக்கு எழுதிக் குடுக்குற அடாபலீன், ட்ரெட்டினாயின் எல்லாம் மொத சில வாரம் கொஞ்சம் எரியும், வறண்டு உரியும், பெரும்பாலும் அப்புறம் அடங்கிடும். நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா ஃபேர்னஸ் க்ரீம் மாதிரி மூஞ்சி முழுக்க அப்பி, சீக்கிரம் போகட்டும்னு காலைலயும் ஒரு தடவ, அதுக்கு மேல ஸ்க்ரப்பு, எலுமிச்சம்பழம், எரிஞ்சா டூத்பேஸ்ட்டு. பட்டாணி அளவு முழு மூஞ்சிக்கும் போதும்ங்க. ராத்திரி மட்டும், ஆரம்பத்துல ஒரு நாள் விட்டு ஒரு நாள். கழுவுன ஈரத்தோட போடாதீங்க, நல்லா காய விட்டு, கண்ணோரம் உதட்டோரம் மூக்கு மடிப்ப விட்டுட்டு போடுங்க. ரொம்ப எரிஞ்சா முதல்ல மாய்ஸ்சரைசர், அது மேல மருந்து. பென்சாயில் பெராக்சைடு வாங்குறவங்க 10 பர்சென்ட் இருக்கான்னு கேப்பாங்க, 2.5லயே பருவுக்கு கிட்டத்தட்ட அதே வேலை நடக்கும், ஏத்தினா எரிச்சல்தான் கூடும். தலகாணி உறையும் வெளுத்துப் போகும். அடாபலீன், ட்ரெட்டினாயின் ஓடுற நேரத்துல பார்லர் போய் மூஞ்சில வேக்ஸிங் பண்ணா தோலும் சேந்து வந்துடும். அடாபலீன், ட்ரெட்டினாயின் போடுறவங்க கர்ப்பம்னா உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட கேளுங்க.

இதவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. எரியுதுன்னு வீட்ல யாருக்கோ படர்தாமரைக்கு வாங்குன டியூப எடுத்து மூஞ்சில தேய்க்கிறது. அதுல நெறைய ஸ்டீராய்டு கலந்ததா இருக்கும். ஒரே ராத்திரில செவப்பு போயிடும், அதான் ஆபத்தே, "சூப்பர் க்ரீம்க்கா"ன்னு அடுத்த மாசமும் அதையே கேட்டு வருவாங்க. விட்டா திரும்ப செவக்கும், விடாம போட்டா தோல் மெலிஞ்சு ரத்தக் குழாய் செவப்பு நூலு மாதிரி தெரியும், புதுசா பரு வரும், முடிகூட மொளைக்கும். 2018லயே 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகள ஷெட்யூல் எச்-ல சேத்துட்டாங்க, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. நான் குடுக்க மாட்டேன்னா பக்கத்துக் கடைக்குப் போறாங்க, என்ன பண்றது.

அடுத்தது ஏற்காடு கேஸு. வீக்கெண்டு மேல போறாங்க, குளுரு, பனிமூட்டம், வெயிலே இல்லையேன்னு சன்ஸ்க்ரீன் போடாம லேடீஸ் சீட் வியூபாயிண்ட்ல நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு திங்கக்கெழம எரிச்சலோட எறங்குவாங்க. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், 1000 மீட்டர் ஏறுனா புற ஊதாக் கதிர் சுமாரா 10 சதவீதம் கூடும், மேகம் அத முழுசா தடுக்காது. அந்தக் காத்துல ஏற்கெனவே உரிஞ்ச தோல் இன்னும் வறண்டு போகும்.

அங்க காபித் தோட்டத்துல வேல செய்ற அம்மாங்க முட்டிவலிக்கு ஜெல் தேய்ச்சு, மேல துணியச் சுத்தி, வெந்நீர்ப் பையும் வெச்சுக்குறாங்க. ஒரு அம்மா சேலைய ஒதுக்கிக் காட்டுனாங்க, பை வெச்ச அளவுக்கு சதுரமா செவந்து நடுவுல கொப்புளம். ஜெல் போட்ட எடத்துல சூடு வேண்டாம்ங்க, இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

சாதா எரிச்சலா அலர்ஜியான்னு பிரிச்சுப் பாக்காததும் தப்புதான். எரிச்சல் போட்ட எடத்தோட நிக்கும், நிறுத்துனா சில நாள்ல அடங்கும். அதுவரைக்கும் வெறும் தண்ணி, வாசலின் போதும், அப்புறம் மூணு நாளைக்கு ஒரு தடவன்னு திரும்ப ஆரம்பிக்கலாம். அரிப்பு தாங்காம, வீங்கி, நீர்க்கொப்புளம் வந்து, போடாத எடத்துக்கும் பரவுனா அலர்ஜியா இருக்கலாம். நியோமைசின்ங்குற ஆன்டிபயாட்டிக் இருக்குற காயத்து ஆயின்மென்ட்ல இது நடக்கும், காயம் ஆறலன்னு நெனச்சு இன்னும் அதிகமா போடுவாங்க! அப்படின்னா உடனே நிறுத்துங்க, மறுபடி தொடாதீங்க, தோல் டாக்டர பாருங்க. உதடு, கண்ணு வீங்குனாலோ மூச்சு முட்டுனாலோ நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. போறப்ப போட்ட டியூபு எல்லாத்தையும் கைல எடுத்துட்டுப் போங்க, "வெள்ள டியூபு, பச்ச மூடி"ன்னு சொன்னா டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.