மோட்டார்ஹோமின் பின்னால் காரை இழுத்துச் செல்ல: பூட்டுவது முதல் கழற்றுவது வரை

அமெரிக்காவில் மோட்டார்ஹோமில், அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியில், ஊர் ஊராகச் செல்பவர்கள் பலர் பின்னால் ஒரு காரையும் இழுத்துச் செல்கிறார்கள். முகாமில் வண்டியை நிறுத்தி, மின்சாரத்தையும் தண்ணீரையும் கழிவுநீர்க் குழாயையும் இணைத்துவிட்ட பிறகு, பால் வாங்குவதற்காக அத்தனையையும் பிடுங்கிக்கொண்டு கிளம்ப யாருக்கும் மனம் வராது. காரை டிரெய்லரில் ஏற்றலாம். முன்சக்கரங்களை மட்டும் டாலி எனும் சிறு இழுவண்டியில் ஏற்றலாம். நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுக்கலாம். அதிகம் பேர் விரும்பும் மூன்றாவது முறையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எல்லாக் கார்களையும் அப்படி இழுக்க முடியாது. பல தானியங்கி கியர்பெட்டிகளில் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சின் நின்றிருக்க, சக்கரங்கள் மட்டும் மணிக்கணக்கில் சுழன்றால், உள்ளே எண்ணெய் போய்ச் சேராமல் கியர்பெட்டி தேய்ந்து கெட்டுவிடும். ஜீப் ரேங்லர் இத்தனை மோட்டார்ஹோம்களின் பின்னால் தென்படுவதற்குக் காரணம், எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டால் சக்கரங்களுக்கும் கியர்பெட்டிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுவதுதான். ஒரே பெயருள்ள காரிலும் ஆண்டுக்கு ஆண்டு நிலைமை மாறும்: 2014 வரை வந்த ஹோண்டா சி.ஆர்.வி.யை இழுக்கலாம், சி.வி.டி. எனும், படிகள் இல்லாமல் கியர் மாறும் தானியங்கி கியர்பெட்டியுடன் வந்த 2015 மாடலை இழுக்கக் கூடாது. ஆகவே விற்பனையாளரின் வாய்ச்சொல்லை நம்பாமல், வாங்கப்போகும் காரின் அதே ஆண்டுக் கையேட்டில் இழுவை பற்றிய பகுதியை நீங்களே படித்துப் பாருங்கள்.

அடுத்தது எடை. மோட்டார்ஹோமும் காரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்ற மொத்த வரம்பை வண்டித் தயாரிப்பாளர் குறித்திருப்பார். எடுத்துக்காட்டாக, அந்த வரம்பு 26,000 பவுண்டு என்றும், சாமான்களும் தண்ணீரும் ஆட்களும் ஏறிய மோட்டார்ஹோம் 22,000 பவுண்டு என்றும் வைத்துக்கொண்டால், காருக்கு மிஞ்சுவது 4,000 பவுண்டுதான்; மோட்டார்ஹோமின் பின்புறமுள்ள இணைப்பான ஹிட்ச் 5,000 பவுண்டு தாங்கும் என்று அதில் பொறித்திருந்தாலும் கணக்கு மாறாது. நான்கு கதவு ரேங்லர் அந்த 4,000 பவுண்டைத் தாண்டிவிடும். ஹிட்ச், அதையும் காரையும் இணைக்கும் இரு கைகள் கொண்ட இழுவைக் கம்பி, பேஸ் பிளேட், பாதுகாப்பு வடம் ஆகியவற்றில் எது மிகக் குறைவாகத் தாங்குமோ அதுவே உங்கள் எல்லை. காகிதக் கணக்கோடு விடாமல், லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

பேஸ் பிளேட் என்பது முன்பம்பருக்குப் பின்னால், காரின் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கும் இரும்புத் தாங்கி. ரோட்மாஸ்டர், புளூ ஆக்ஸ், டெம்கோ போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகச் செய்கின்றன. பம்பரைக் கழற்றி மாட்டும் பழக்கமும், போல்ட்டைக் குறித்த அளவுக்கு முடுக்கும் டார்க் ரெஞ்சும் இல்லாதவர்கள் இதைப் பட்டறையில் விடுவதே மேல். இழுவைக் கம்பி ஏறத்தாழ மட்டமாக இருக்க வேண்டும். இரு முனைகளின் உயரமும் மூன்று அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால், உயரத்தைச் சரிசெய்யும் அடாப்டரை ஹிட்சில் பொருத்துங்கள். கம்பி சரிந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது பின்னாலிருந்து தள்ளும் கார் மேலே எழும்பவோ கீழே புகவோ முயலும்.

விளக்குகளுக்குக் காரின் சொந்த வயரிங்கையே பயன்படுத்துவதானால் இடையில், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார்ஹோமிலிருந்து வரும் மின்சாரம் காரின் மின்சுற்றுக்குள் திரும்பிப் பாய்ந்து கெடுதல் செய்யும். ஸ்டியரிங் பூட்டு விடுபட சாவியைத் திருப்பியே வைக்க வேண்டிய கார்களில் மாலைக்குள் பேட்டரி இறங்கிவிடலாம் என்பதால், மோட்டார்ஹோமிலிருந்து சார்ஜ் கம்பி ஒன்றை இழுத்துவிடுங்கள்.

பிரேக்கில் மட்டும் எந்தச் சிக்கனமும் வேண்டாம். 3,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு மேல், இழுக்கப்படும் வண்டிக்குத் தனி பிரேக் வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்கள் சட்டம் வைத்துள்ளன. சட்டம் கேட்காவிட்டாலும், மலையிறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும் இரண்டு டன் காரை மோட்டார்ஹோமின் பிரேக் மட்டுமே தாங்கிக்கொள்ளும் என்று நம்புவது ஆபத்து. ஓட்டுநர் இருக்கைக்கு முன் வைத்துப் பெடலை அழுத்தவைக்கும் பெட்டி வகையும் உண்டு; நிரந்தரமாகப் பொருத்தும் வகையும் உண்டு. பெட்டி வகையை வைக்கும் முன், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடல் கல் போல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். பெடல் அழுத்தத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரில் தங்கியிருக்கும் வெற்றிடம் அப்போதுதான் வெளியேறும். அதை விட்டுவைத்தால் கருவி அளவுக்கு மீறி அழுத்தி, பிரேக் உரசிக்கொண்டே ஓடிச் சூடேறி, டயர்வரை தீப்பிடிக்கக்கூடும். கார் கழன்றுபோனால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சின் வடத்தை மோட்டார்ஹோமின் உடலில்தான் மாட்ட வேண்டும். இழுவைக் கம்பியில் மாட்டினால், கம்பியே ஹிட்சிலிருந்து கழன்று காரோடு போகும்போது அந்த வடம் இழுபடாது.

பூட்டும்போது வரிசை முக்கியம். சமதளத்தில், நேர்கோட்டில், கைப்பிரேக் போட்ட காரை நிறுத்தி, கம்பியின் இரு கைகளையும் ‘பின்’ எனும் இரும்பு முளை போட்டுப் பேஸ் பிளேட்டில் மாட்டி, பின்களுக்குக் கிளிப்பும் போடுங்கள். பாதுகாப்பு வடங்களைக் கம்பிக்கு அடியில் குறுக்காக மாட்டி, மின்வயரையும் பிரேக்அவே வடத்தையும் இணைத்த பிறகே காருக்குள் ஏறுங்கள். தானியங்கி ரேங்லரில் பிரேக்கை மிதித்தபடி கியரையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கை எடுத்து, எஞ்சின் ஓடும்போதே ரிவர்ஸில் போட்டுக் காலை எடுத்து ஐந்து நொடி பார்க்க வேண்டும். பிறகு டிரைவிலும் அப்படியே. கார் அசையாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் சரியாக விடுபட்டிருக்கிறது என்று பொருள். அதன்பின் எஞ்சினை நிறுத்திக் கியரைப் பார்க்கில் வைத்து, ஸ்டியரிங் தடையில்லாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது பார்க் கியர் காரைப் பிடித்து நிறுத்தாது. கம்பியோடு இணைக்கும் வேலையை முதலில் முடிக்கச் சொல்வது அதனால்தான். படிகளில் சிறு மாற்றம் இருக்கலாம் என்பதால் உங்கள் கையேட்டின் வரிசையையே பின்பற்றுங்கள்.

பிறகு மெதுவாகச் சில அடி முன்னே ஓட்டினால் கம்பியின் கைகள் நீண்டு பூட்டிக்கொள்ளும். இறங்கிப்போய்க் கண்ணால் பார்த்த பிறகே சாலையில் ஏறுங்கள். முதல் நிறுத்தத்தில் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் உரசுகிறது.

கார் பூட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. பின்னுக்குத் தள்ளினால் முன்சக்கரங்கள் சட்டென்று ஒரு பக்கமாக முழுவதும் திரும்பி, கம்பியையும் பேஸ் பிளேட்டையும் வளைத்துவிடும். திரும்ப இடமில்லாத பெட்ரோல் பங்கில் மாட்டிக்கொண்டால், காரைக் கழற்றிவிட்டுத்தான் மோட்டார்ஹோமைப் பின்னால் எடுக்க வேண்டும். கழற்றும்போது முதலில் கைப்பிரேக், அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலிலிருந்து எடுப்பது, கடைசியாகத்தான் பின்கள். பின் இறுகி வராவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள். கம்பியில் இழுவிசை இருக்கிறது என்பதுதான் காரணம், காரைச் சில அங்குலம் முன்னே நகர்த்தினால் எளிதாக வந்துவிடும்.