கைக்குழந்தையோடு கிளைம்பிங்: பெற்றோர் கோட்டை விடும் இடங்கள்

கயிறு கட்டிப் பாறை ஏற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஏறுவார், மற்றவர் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பார், அதாவது பிலே செய்வார். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து ஏறிப் பழகியவர்களுக்குக் குழந்தை பிறந்ததும் இந்தக் கணக்கு உதைக்கும். ஒருவர் பாறையில், ஒருவர் கயிற்றில் என்றால் குழந்தை யாரிடம்?

பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கர்நாடகத்தின் பாறை ஊர்களான ராமநகரா, பதாமி, ஹம்பி என்று கிளம்பும் இளம் பெற்றோரிடம் இதற்குப் பதில்கள் தயாராக இருக்கும். "அவன் தூங்கும்போது ஏறிக்கலாம்." "பேபி கேரியர்ல போட்டுக்கிட்டே பிலே பண்ணிடுவேன்." "பக்கத்துல ஏறுறவங்க பாத்துப்பாங்க." மூன்றும் தப்பு. குழந்தையைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். கீழே வரும் தவறுகளில் பாதி அந்த ஆள் இல்லாததால்தான் நடக்கின்றன.

மூன்றாவது ஆள் என்றால் தன் முறைக்காக ஷூ மாட்டிக்கொண்டு காத்திருக்கும் நண்பர் அல்ல. அவர் கண் பாறை மேல்தான் இருக்கும். பாட்டி வரலாம், சித்தி வரலாம், ஆனால் அவர்களுக்கு உட்கார நிழலும், ஒதுங்க இடமும், நடந்து வரத் தோதான பாதையும் இருக்கும் பாறையாகப் பார்த்துப் போக வேண்டும். இன்னும் நல்லது இரண்டு குடும்பமாகப் போவது. நாலு பெரியவர்களில் ஒருவர் ஏற, ஒருவர் பிலே செய்ய, இருவர் பிள்ளைகளிடம் இருந்தால் முறை மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது "இனி நீ பாத்துக்கோ" என்று வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்ற வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எல்லாரும் நினைக்கும்போதுதான் பிள்ளை எழுந்து நடந்துவிடும்.

"கிரிகிரிதான் லாக் ஆகிடுமே"

இதை அனுபவசாலிகளே சொல்வார்கள். கிரிகிரி என்பது கயிறு வேகமாக ஓடும்போது பிடித்துக்கொள்ள உதவும் பிலே கருவி. பிரேக் பக்கத்துக் கயிற்றிலிருந்து, அதாவது பிலே செய்பவர் பிடித்திருக்கும் முனையிலிருந்து, கையை எடுக்கலாம் என்று அந்தக் கருவியைத் தயாரிப்பவர்கள் சொல்வதில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை கல் தடுக்கி விழுந்து வீறிட்டால் பெற்றவரின் கை யோசிக்காமல் அந்தப் பக்கம் நீளும். எத்தனை வருடம் பிலே செய்த கையாக இருந்தாலும் நீளும். நீளாமல் நின்றால், பிள்ளை அடுத்து எங்கே போகிறது என்று பார்க்க ஆளில்லை. பிலே செய்பவர் குழந்தைக்குக் காவலாக இருந்தால் இரண்டு உயிரில் ஒன்றை எப்போதும் கண்பார்வைக்கு வெளியே விட்டு வைத்திருக்கிறார்.

குழந்தையை மாரில் கட்டிக்கொண்டு பிலே செய்வது இதைவிட மோசம். லீட் ஏறுபவர், அதாவது கயிற்றைத் தன்னோடு கொண்டுபோய் வழியில் மாட்டிக்கொண்டே ஏறுபவர், விழுந்தால் கீழே நிற்பவர் சட்டென்று மேலே தூக்கப்பட்டுப் பாறைச் சுவரை நோக்கி இழுக்கப்படுவார். ஏறுபவர் எடை கூடியவர் என்றால் இழுப்பும் அதிகம். மாரில் இருக்கும் குழந்தைதான் முதலில் பாறையில் மோதும். முதுகில் கட்டினால் மோதாது என்று நினைக்கலாம். ஆனால் உடல் திரும்பிக்கொண்டால் பின்பக்கம்தான் சுவரில் இடிக்கும். டாப் ரோப்தானே (கயிறு மேலே முன்பே மாட்டியிருக்கும்), சின்ன உயரம்தானே என்பதற்கும் விலக்கு இல்லை.

பாய் விரிக்கும் இடம்

ஏறுபவரைவிடச் சுவரடியில் இருப்பவருக்கு ஆபத்து அதிகமாக இருக்கும் நேரங்கள் உண்டு. ஆனால் வெயில் ஏற ஏற நிழல் மிச்சமிருப்பது பாறைச் சுவரை ஒட்டித்தான். எல்லாரும் பாயை அங்கேதான் விரிப்பார்கள். 20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் பெயர்ந்தால் தரைக்கு வர 2 வினாடி. வரும்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். "கல்!" என்று மேலேயிருந்து கத்தி, அது கீழே கேட்டு, தூங்கும் குழந்தையை வாரி எடுக்க 2 வினாடி போதாது. கல் மட்டும் விழும் என்றும் இல்லை. குயிக்டிரா (கயிற்றைப் பாறையோடு இணைக்கும் கொக்கி ஜோடி), தண்ணீர் பாட்டில், படம் எடுக்கக் கொண்டுபோன போன், மேலே ஓடும் குரங்கு உருட்டிவிடும் சல்லி எல்லாம் விழும். நடுவில் ஒரு திட்டில் பட்டால் நேராக விழாமல் வெளியே எகிறும்.

எவ்வளவு தள்ளி உட்காரலாம்? தரையைப் பாருங்கள். மண்ணில் புதையாமல், பாசியோ தூசியோ படியாமல், முனை கூராக, உடைந்த பக்கம் வெளிர் நிறத்தில் கிடக்கும் கற்கள் அண்மையில் விழுந்தவை. அப்படிப்பட்ட கற்கள் எதுவரை கிடக்கின்றனவோ அதற்கும் அப்பால், முடிந்தால் சுவருக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். மழைத்தண்ணீர் இறங்கும் பள்ளத்துக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கற்கள் இறங்கும் வழியும் அதுதான்.

கைக்குழந்தைக்குத் தலைக்கவசம் போட்டால் போதுமே என்று கேட்பார்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தையின் கழுத்துக்கு அந்தப் பாரம் ஆகாது, அளவும் கிடைக்காது. கவசம் போட முடியாத தலை சுவரடிக்கு வரக் கூடாது. ஓடியாடும் பிள்ளைக்குப் பாறையேற்றத்துக்கான சின்ன அளவுக் கவசம் கிடைக்கும். வீட்டிலேயே ஒரு வாரம் போட்டு விளையாட விட்டால் பாறைக்குப் போனதும் பிடுங்கி எறியாது.

தூளி

இது நம்மவர்களுக்கே உரிய தவறு. கிளைம்பர் பையில் ஸ்லிங்கும் (நாடா வளையம்) கராபினரும் (உலோகக் கொக்கி) இருக்கும், அம்மா கொடுத்தனுப்பிய பழைய நூல் புடவையும் இருக்கும். ஐந்து நிமிடத்தில் தூளி தயார். வயலோரத்தில் காலங்காலமாகக் கட்டியதுதான். ஆனால் வயலில் மேலேயிருந்து கல் விழாது. தூளி கட்டும் மரம் முதலில் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். கிளையைப் பிடித்து ஒரு பெரியவர் முழு எடையோடு தொங்கிப் பார்க்க வேண்டும். இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்துபோல் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் கட்டினால் கிளை ஆடிய மறுநிமிடம் புடவை வழியாக எறும்பு இறங்கிவிடும். தூளி தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல், கீழே கல் இல்லாமல் இருக்க வேண்டும். முகவாய் நெஞ்சில் படாமல், துணி முகத்தில் மூடாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். புரளத் தொடங்கிய குழந்தைக்கு இந்த ஏற்பாடு வேண்டாம்.

நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஹார்னஸ் (கயிற்றை இணைக்க உடலில் மாட்டும் பட்டை) மாட்டிக் கயிற்றால் மரத்தில் கட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள். நீளக் கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும். ஆள் வைக்க முடியாத இடத்தில் கயிறு வைத்துச் சமாளிக்கக் கூடாது.

போல்டரிங் பாதுகாப்பானதா?

போல்டரிங் என்பது சிறு பாறைகளில் ஏறுவது. கயிறு வேண்டாம், பிலே வேண்டாம், உயரமும் குறைவு. அதனால் பிள்ளை பெற்ற பிறகு ஹம்பி பக்கம் ஒதுங்குபவர்கள் பலர், அது சரியான முடிவும்கூட. இரண்டே பெரியவர்கள் இருந்தாலும் ஒருவர் ஏற ஒருவர் குழந்தையிடம் இருக்கலாம். தவறு கிராஷ் பேடில், அதாவது ஏறுபவர் விழுவதற்காகக் கீழே விரிக்கும் மெத்தையில், இருக்கிறது. மெத்தென்று இருப்பதால் குழந்தையைத் தூங்க வைக்கவும் விளையாட வைக்கவும் எல்லாருக்கும் கை அதைத்தான் தேடும். ஏறுபவர் வந்து விழவேண்டிய இடம் அதுதான். 3 மீட்டரிலிருந்து விழும் 70 கிலோ ஆள் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் தரை தொடுகிறார். பேடை மெத்தையாகப் பழக்கிவிட்டால் ஒன்றரை வயதுக்கு "இப்ப கூடாது" என்பது புரியாது. குழந்தைக்கென்று வேறு நிறத்தில் தனி விரிப்பு கொண்டு போங்கள், குழந்தையைப் பேடில் ஏற்றவே வேண்டாம். நகரத்து உள்ளரங்கச் சுவர்களிலும் இதே விதிதான். தரை முழுக்க மெத்தை என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

ஹம்பியின் கிரானைட் சொரசொரப்பானது. தவழும் குழந்தையின் முட்டி பத்து நிமிடத்தில் தோல் உரிந்துவிடும். முழுக்கால் சட்டை போடுங்கள். மதியத்துக்கு முன்பே பாறை சுடத் தொடங்கும், உங்கள் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையை இறக்குங்கள்.

தேனீயும் குரங்கும்

ராமநகரா பக்கத்துப் பாறைகளில் மலைத்தேனீ அடை தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பாறையில் கரும்பழுப்புத் தேமல் மாதிரி தெரியும். கலைந்தால் கூட்டமாகத் துரத்தும், கொட்டு வாங்கிக்கொண்டு ஓடப் பெரியவருக்கே மூச்சு முட்டும். குழந்தையோடு போகும் அன்று அடை கண்ணில் பட்டால் பேசாமல் வேறு பாறைக்குப் போய்விடுவதுதான் சரி. அதற்குக் கீழே அடுப்பு மூட்டுவது, ஸ்பீக்கரில் பாட்டு வைப்பது எல்லாம் வினையை விலைக்கு வாங்குவது. ராமதேவர பெட்டா 2012-ல் பாறு கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பாறைக்கு அனுமதி உண்டு என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பதாமியில் குரங்குத் தொல்லை. பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் போதும், எங்கிருந்தோ வந்து நிற்கும். பிஸ்கட் பிள்ளையின் கையில் இருந்தால் பிடுங்கும்போது நகம் படும். தின்பண்டத்தை மூடியுள்ள டப்பாவில், சத்தம் வராமல் கொண்டு போங்கள். குரங்கு கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசிக்குக் காட்ட வேண்டும். "லேசான கீறல்தானே" என்று ஏறி முடிக்கும்வரை தள்ளிப்போடக் கூடாது.

வெயில், தண்ணீர், பால்

இந்தப் பாறைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலம், குழந்தையோடு என்றால் அதிலும் காலை மட்டும். விடிந்ததும் ஏறத் தொடங்கிப் பத்தரைக்கு மூட்டை கட்டிவிடலாம். ஆறு மாதத்துக்குள் தண்ணீர் தனியாக வேண்டாம், பால்தான். அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அம்மாவுக்குத்தான் தண்ணீர் கூடுதலாகச் சுமக்க வேண்டும். அந்த வயதுக்கு சன் ஸ்கிரீனை நம்பாமல் நிழலையும் மெல்லிய பருத்தி உடையையும் நம்புங்கள். வெயில் படாமலிருக்கக் கேரியர் மேல் கனத்த துண்டைப் போர்த்துபவர்கள் உள்ளே காற்று அடைபட்டுச் சூடு ஏறுவதைக் கவனிப்பதில்லை. டயப்பர் வெகுநேரம் நனையாமலே இருந்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும் அன்றைய ஏற்றம் அத்தோடு முடிந்தது. சாக் (பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசும் வெள்ளைப் பொடி) ஒட்டிய கையோடு பால் கொடுக்காதீர்கள், ஊட்டாதீர்கள். கழுவத் தண்ணீர் தனி பாட்டிலில் இருக்கட்டும்.

நடந்து போகும்போது முதுகுக் கேரியரில் இருக்கும் பிள்ளையின் தலை உங்கள் தலைக்கு மேலே இருக்கும். நீங்கள் குனிந்து தப்பிய முள்கிளை அதன் முகத்தில் படும். முகத்தைப் பார்க்கவும் உங்களால் முடியாது. பின்னால் வருபவர் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் போனின் முன்கேமராவைக் கண்ணாடியாக்கிக்கொள்ளலாம். தானாக உட்காரப் பழகாத குழந்தைக்கு இந்தக் கேரியர் கூடவே கூடாது.

பிள்ளையை ஏற்றும் ஆசை

மூன்று வயதுக்கு அது பாறையேற்றம் அல்ல, ஊஞ்சல். கயிற்றில் தொங்கி ஆட விட்டாலே அதற்குத் திருப்தி. அப்பாவுக்குத்தான் படம் எடுக்க உயரம் வேண்டும். "இன்னும் ஒரே ஒரு அடி, அழாதே" என்று கீழேயிருந்து சொல்வதைக் கேட்டாலே தெரிந்துவிடும், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் ஹார்னஸைப் பார்த்தாலே ஓடும் என்று.

பெரியவர்களின் இடுப்பு ஹார்னஸின் சின்ன அளவை வாங்கி மாட்டுவது பெரிய தவறு. சின்னப் பிள்ளைக்கு இடுப்பு ஒடுங்கியது, தலை கனத்தது. தலைகீழானால் வழுக்கி வெளியே வந்துவிடும். தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். லேபிளில் ஈஎன் 12277 டைப் பி என்று இருக்கும், அது 40 கிலோ வரையுள்ளவர்களுக்கானது.

இன்னொரு சிக்கல் பலருக்கும் அன்றுதான் தெரியவரும். 12 கிலோ பிள்ளையை டாப் ரோப்பில் ஏற்றிவிட்டால் இறக்க முடியாமல் போகலாம். மேலே கயிறு உரசுவதும், இந்தப் பக்கத்துக் கயிற்றின் கனமும் சேர்ந்து அந்தச் சின்ன எடையைத் தாங்கி நிறுத்திவிடும். பிள்ளை நடுவானில் நிற்கும், அழும். அதனால் பெரியவர் கை எட்டும் உயரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கிளைம்பிங் ஷூவும் இந்த வயதுக்குத் தேவையில்லை, ரப்பர் அடி உள்ள சாதாரண ஷூ போதும்.

கார்

முடிச்சைக் கட்டியவரும் பார்த்து, பிலே செய்பவரும் பார்த்து, இரண்டு தரம் சரிபார்க்கும் அதே ஆட்கள் பெங்களூரிலிருந்து பதாமிக்குப் போகும் சுமார் 450 கிலோமீட்டரும் குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பயணத்தில் பாறையைவிட நெடுஞ்சாலைதான் எனக்குப் பயம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 14 வயதுக்குட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த இருக்கை, பின் சீட்டில் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி வெளியே எடுக்க வேண்டும். வெள்ளி இரவு ஆபீஸ் முடிந்து விடிய விடிய ஓட்டி, சனி காலையே கயிறு பிடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். தூங்காத ஆள் வண்டி ஓட்டவும் கூடாது, பிலே செய்யவும் கூடாது. பகலில் போய் இரவு தங்கி மறுநாள் காலை ஏறுங்கள். ஒரு நாள் கூடுதலாக லீவு போட முடியாத வாரம் என்றால் பதாமியை விட்டுவிட்டுப் பக்கத்து உள்ளரங்கத்துக்குப் போகலாம்.