ரொறன்ரோவில் நெடுநாள் தங்க வரும் வன்னித் தம்பதியருக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வளவு, கிணறு, படலை என்று திறந்து வாழ்ந்த இருவர் சுப்பர் விசாவில் (கனடாவில் உள்ள பிள்ளைகளிடம் வரும் பெற்றோருக்கான நெடுநாள் வருகை விசா) ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதிக்கு வந்து சேருகிறார்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போனால் பின்னேரம் வரை பூட்டிய வீட்டுக்குள் அந்த இரண்டு பேர்தான். மூன்றாம் மாதமே "ரிக்கற்றை மாத்து, ஊருக்குப் போவம்" என்ற கதை தொடங்குவதற்குக் குளிரைக் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. மகனின் கார் வராமல் வாசற்படி இறங்க முடியாமைதான். ஆகவே வந்து இரண்டு கிழமைக்குள் அம்மா தனியாகவும் அப்பா தனியாகவும் வெளியே போய்த் திரும்பப் பழகிவிட வேண்டும். அப்பா மட்டும் பழகி அம்மா அவருக்குப் பின்னால் போவதைப் பழகியதாகக் கணக்கெடுக்க முடியாது.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

சுப்பர் விசா பத்து வருடம் வரை தருவார்கள். 2022 யூலை 4 முதல் ஒரு வருகைக்கு ஐந்து வருடம் வரை தங்கலாம். ஆனால் கடவுச்சீட்டு இரண்டு வருடத்தில் முடிகிறதென்றால் உங்கள் தங்கலும் அதோடு முடியும். பழைய கடவுச்சீட்டை வவுனியா பிராந்திய அலுவலகத்தில் புதுப்பித்த பிறகு விசாவுக்குப் போடுவதே புத்தி. விமான நிலையத்தில் அதிகாரி முத்திரை குத்திக் கையால் ஒரு திகதி எழுதியிருக்கிறாரா என்று அங்கேயே பாருங்கள். எழுதியிருந்தால் அந்தத் திகதிதான் கணக்கு. சுப்பர் விசாக் கடிதத்தைக் கையில் எடுத்துக் காட்டாவிட்டால் சாதாரண வருகையாளர்போல ஆறு மாதம் கிடைத்துவிடக் கூடும். நாட்களைக் கூட்ட வேண்டுமென்றால் முடிவதற்கு முப்பது நாளாவது முன்னர் விண்ணப்பிக்க வேண்டும்.

வன்னியில் பலருக்கு இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பேர்மிற் காணி. அந்தப் பேர்மிற்றில் குடியிருப்பு, பயிர்ச்செய்கை நிபந்தனைகள் உண்டு. வளவு பற்றையாகிக் கிடந்தால் கேள்வி வரும். யார் பார்க்கிறார், யார் விதைக்கிறார் என்பதைக் கிராம சேவையாளருக்குத் தெரியப்படுத்துங்கள். குத்தகைக்கு விடும் எண்ணம் இருந்தால் பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேட்காமல் விடாதீர்கள். பின்னுரித்து (உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்பது) பதியாமல் இருந்தால் புறப்படுமுன் பதியுங்கள். அற்றோணித் தத்துவத்தையும் (உங்கள் சார்பில் ஒருவர் கையெழுத்திடும் அதிகாரம்) ஊர் நொத்தாரிசிடமே முடித்துவிட்டு வாருங்கள். இங்கிருந்து எழுதினால் தூதரக உறுதிப்படுத்தல், கொழும்பு அலைச்சல் என்று மாதக்கணக்கில் இழுபடும். ஓய்வூதியக்காரர் வருடாந்த உயிர்வாழ் சான்றிதழை வெளிநாட்டிலிருந்து எப்படி அனுப்புவது என்று பிரதேச செயலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது போகாவிட்டால் சம்பளம் நிற்கும்.

மருந்தும் காப்புறுதியும்

அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் குளிசைகளைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே கையால் எழுதித் தருவார்கள். அதை அப்படியே கொண்டுவந்தால் இங்கே எந்த வைத்தியருக்கும் என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று விளங்காது, சுங்கத்திலும் சிக்கல். மூன்று மாதத்துக்கு வேண்டியதை (சட்டம் விடுவது 90 நாள் அளவுதான்) பார்மசியில் அட்டையோடு வாங்குங்கள். மெற்ஃபோமின், லொசாற்றன், அற்றோவாஸ்ற்ரற்றின் என்று மருந்தின் பொதுப்பெயர், அளவு, வேளை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியர் கடிதம் ஒன்றும் வேண்டும். கம்பனிப் பெயர் மாறும், பொதுப்பெயர் மாறாது. கிளினிக் கொப்பியைப் படம் பிடித்து இருவர் போனிலும் வையுங்கள்.

சீனி அளவில் ஒரு குழப்பம். ஊரில் 126, 180 என்று பார்ப்பீர்கள். கனடா மெஷின் 7, 10 என்று காட்டும். ஊர்க் கணக்கை 18 ஆல் பிரித்தால் இங்கத்தைக் கணக்கு. "எனக்கு ஏழுதான் இருக்கு, இறங்கிப்போச்சு" என்று பயந்து சீனித்தண்ணி குடித்தவர்களும், 14 ஐப் பார்த்து "நல்லா இருக்கு" என்று இருந்தவர்களும் உண்டு. 14 என்றால் ஊரில் 252.

சுப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு வருடத்துக்கு, 100,000 கனடிய டொலருக்குக் குறையாத காப்புறுதி கட்டாயம். ஒன்ராறியோ அரசின் ஓஹிப் மருத்துவ அட்டை வருகையாளருக்கு இல்லை. காப்புறுதியில் பார்க்க வேண்டியது விலையை விட, ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்கு அது எந்த நிபந்தனையில் பணம் தரும் என்பதை. பல திட்டங்களில் காப்புறுதி தொடங்குமுன் 90 அல்லது 180 நாள் அந்த வருத்தம் 'மாறாமல்' இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பிறஷர்க் குளிசை 25 இலிருந்து 50 ஆனாலே அது மாற்றம். அளவைக் குறைத்தாலும் மாற்றம்தான். பிறகு நெஞ்சுநோ வந்தால் பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காக வேண்டிய மருந்தை மாற்றாமல் விடச் சொல்லவில்லை. மாற்றினால் காப்புறுதி முகவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். வழமையான பரிசோதனை, மாதக் குளிசை, பல் இவற்றுக்குப் பெரும்பாலும் காப்புறுதி பணம் தராது. வோக்-இன் கிளினிக்கில் (முன்பதிவில்லாமல் போகும் வைத்தியர் நிலையம்) உள்ளே போகுமுன் "காப்புறுதி இல்லாதவருக்கு எவ்வளவு" என்று கேட்பது வெட்கமில்லை.

அவசரத்துக்கு 911. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அதுவரை போனை வைத்துவிடக் கூடாது. அவசரமில்லாத சந்தேகத்துக்கு 811 இல் தாதியிடம் கேட்கலாம், இலவசம்.

பெட்டிக்குள்

மிக்ஸியைக் கொண்டுவராதீர்கள். ஊர் மின்சாரம் 230 வோல்ற், இங்கே 120. மோட்டார் முனகும், அரைக்காது. போன் சார்ஜருக்குப் பிளக் மாற்றி மட்டும் போதும். மிளகாய்த்தூள், ஒடியல், கருவாடு, வன்னித் தேன் எது கொண்டுவந்தாலும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் ஆகக் கூடியது எடுத்துவிடுவார்கள், மறைத்தால் தண்டம். இறைச்சி வத்தல், மண் ஒட்டிய கிழங்கு, கன்று, விதை வேண்டாம். அரிசி, மாவுக்கு இடம் வீணாக்காதீர்கள். மார்க்கம் வீதி மஜெஸ்ரிக் சிற்றியைச் சுற்றிய கடைகளில் சிவப்புப் பச்சையரிசியிலிருந்து முருங்கைக்காய் வரை இருக்கிறது. குளிர்ச் சப்பாத்தும் ஜக்கெற்றும் இங்கேதான் வாங்க வேண்டும். கொழும்பில் விற்பது இந்தக் குளிருக்குக் காணாது.

வீட்டுக்குள் இரண்டு இடம்

குளியலறை. இந்த வீடுகளில் குளியலறை நிலத்தில் தண்ணி போக ஓட்டை இல்லை. ஊர்ப் பழக்கத்தில் வெளியே நின்று வாளியால் ஊற்றினால் தண்ணி தரை ஓட்டுக்கடியால் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையை நனைக்கும். பிறகு வருவது பழுதுபார்க்கும் பில். வாளியைத் தொட்டிக்குள்ளேயே வைத்துக் குளியுங்கள். திரைச்சீலையின் அடி தொட்டிக்கு உள்ளே விழ வேண்டும். கழிப்பறையில் கை ஷவர் பூட்டினால், பாவித்தபின் சுவரடியில் உள்ள வால்வை மூடுங்கள். குழாய் எந்நேரமும் அழுத்தத்தில் நின்றால் ஒரு நாள் வெடிக்கும். எண்ணெய் முழுக்கு வழமை உள்ளவர்கள் தொட்டிக்குள் றப்பர் விரிப்பு இல்லாமல் இறங்கவே கூடாது. ஊர்ச் சீமெந்துத் தரை மாதிரி அல்ல, எண்ணெய் பட்ட தொட்டி காலை வாரிவிடும். குளித்து முடித்தபின்னும் இருபது நிமிடம் விசிறி ஓடட்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

குசினி. மிளகாய் வறுத்தால் புகை அலாரம் அலறும். அதன் பற்றரியைக் கழற்றுவது சட்டப்படி குற்றம். அதைவிட, இரவில் உண்மையாகவே தீப்பிடித்தால் எழுப்ப ஆளில்லை. அடுப்பு மேல் விசிறியைச் சட்டி சூடாகுமுன் போடுங்கள், பக்கத்து யன்னலை ஒரு சாண் திறவுங்கள், அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவை வறுக்காதீர்கள். அடுக்குமாடியென்றால் வாசற்கதவைத் திறந்து புகையை வெளிநடைக்கு விடாதீர்கள், முழுக் கட்டடத்துக்கும் மணி அடித்துவிடும். மீன் பொரிக்கும் நாளில் ஜக்கெற் தொங்கும் அலுமாரியும் படுக்கையறையும் மூடியிருக்கட்டும். அந்த மணம் பேரப்பிள்ளையோடு பள்ளிக்கூடம் வரை போகும், சண்டை வரும். மீன் கழிவை, உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டிக்குள் அன்றே போட்டால் கிழமை முழுக்க மணக்கும், ரக்கூனும் வரும். ஒரு பையில் கட்டி ஃபிறீசரில் வைத்து, குப்பை லொறி வரும் காலையில் போடுங்கள். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வெளியே போவது

முதலில் ஆளுக்கொரு சாமான் தொகுதி: வீட்டுத் திறப்பு, சிம் போட்ட போன், பிறஸ்ரோ அட்டை (பஸ் கட்டணம் வெட்டும் அட்டை), வீட்டு முகவரியும் பிள்ளையின் இலக்கமும் ஆங்கிலத்தில் எழுதிய காகிதம். போன் குளிரில் திடீரென்று செத்துப்போகும், காகிதம் சாகாது.

பிறஸ்ரோ அட்டை வாங்கும்போது அது சாதாரண வயதுக்காரரின் அட்டையாகத்தான் வரும். 65 வயது ஆனவர் கடவுச்சீட்டோடு சொப்பர்ஸ் ட்ரக் மார்ட் மருந்துக் கடைக்குப் போய் முதியோர் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் ஒரு பயணம் 2.25 டொலர், மாற்றாவிட்டால் 3.30. மகனின் கிரெடிற் காட்டைத் தட்டினால் முழுக் கட்டணம் போகும். ஒரு அட்டையில் இருவர் போக முடியாது. 12 வயதும் அதற்குக் குறைந்த பேரப்பிள்ளைகளுக்கும் இலவசம்.

ஒருமுறை தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு எந்த ரிரிசி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவை) பஸ்ஸிலும் எந்தத் திசையிலும் போகலாம். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறும்போது தட்ட வேண்டும், காசு வெட்டாது. கடைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு அந்த நேரத்துக்குள் திரும்பினால் போகவர ஒரே காசு. சந்தைக்குப் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு இது தனிச் சந்தோசம். இலக்கத்துக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள்: மார்க்கம் வீதியில் ஓடும் 102 எல்லாம் ஒரே இடத்தில் முடிவதில்லை, ஏ, பி என்று பிரியும். இறங்குமிடத்துக்கு முந்தின தரிப்பு கழிந்ததும் யன்னலோர மஞ்சள் கயிற்றை இழுங்கள். பின்கதவு தானாகத் திறக்காது, பச்சை வெளிச்சம் வந்ததும் தள்ள வேண்டும். முழங்கால் நோ உள்ளவர் சாரதியிடம் கையைத் தாழ்த்திக் காட்டினால் பஸ்ஸை நிலத்தோடு பதிப்பார்.

வீதி கடக்கும்போது கவனம்: இங்கே வாகனம் வலப்பக்கம் ஓடும். ஊர்ப் பழக்கத்தில் வலது பக்கம் பார்த்துக் கால் வைப்பீர்கள், வண்டி இடப்பக்கத்தால் வரும். சந்தியில் பொத்தானை அழுத்தி, வெள்ளை நடையாள் படம் வரும்வரை நில்லுங்கள். அப்போதும் சிவப்பு விளக்கிலேயே வலதுபக்கம் திரும்பும் கார்கள் உண்டு. சாரதியின் கண் உங்களைக் கண்டதா என்று பாருங்கள். மாரியில் கறுப்பு ஜக்கெற் போட்டவரை இருட்டில் தெரியாது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருண்டுவிடும்.

முதல் நாள் பிள்ளை கூட வரட்டும். இரண்டாம் தடவை பிள்ளை ஒன்றும் பேசாமல் பின் இருக்கையில் இருக்கட்டும். மூன்றாவது நீங்கள் மட்டும். ஒரே பாதை, ஒரே கடை. பிறகு நூலகம்: ஸ்காபரோக் கிளைகள் பலவற்றில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, உள்ளே இருந்து வாசிக்க அட்டை தேவையில்லை. பேர்ச்மவுண்ட் வீதிக் கந்தசாமி கோயில், மாரியில் நடப்பதற்கு ஸ்காபரோ ரவுன் சென்ரர் என்று வட்டம் பெருக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்வது இந்த விசாவில் முடியாது; தெரிந்தவர் கடையில் 'சும்மா உதவி' என்று கூப்பிட்டாலும் வேண்டாம்.

பனியில் நடக்கும்போது கையைப் பொக்கற்றுக்குள் வைக்காதீர்கள். பாதத்தைத் தட்டையாக, சின்ன எட்டாக வையுங்கள். விழுத்துவது வெள்ளைப் பனியை விட ஈரம்போலத் தெரியும் மெல்லிய ஐஸ்தான். சேலை உடுப்பவர்கள் உள்ளே தேர்மல் எனும் குளிர் தாங்கும் உள்ளாடை போட்டு, கரையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி உடுத்தினால் பூட்ஸில் சிக்காது.

ஊரோடு கதைக்க: மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை ஊர் ஒன்பதரை மணித்தியாலம் முன்னே, மற்ற மாதங்களில் பத்தரை. இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே விடிய ஐந்தரை அல்லது ஆறரை. வயலுக்குப் போகுமுன் ஆளைப் பிடிக்க அதுவே நேரம்.

நினைத்ததற்கு முந்தித் திரும்புவதென்றால், காப்புறுதியிடம் பணம் கேட்டுக் கோரிக்கை ஒன்றும் வைக்காதிருந்தால் மிச்ச மாதக் காப்புறுதிக் காசைப் பல திட்டங்கள் திருப்பித் தரும். விமான ரிக்கற், ஊரில் இறங்கிய முத்திரைப் பிரதி இரண்டும் கேட்பார்கள். கொழும்பில் இறங்கியதும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிடுங்கள்.