கோடைக்கால ஊர் நிகழ்ச்சி: நாள் குறிப்பதிலிருந்து பந்தல் பிரிப்பது வரை

கிராமப்புறத்தில் கோடைக்கால நிகழ்ச்சி ஒன்றை நடத்த முன்வருபவர்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். ஓட்டப்பந்தயம், நாடகம், பேச்சு, பரிசளிப்பு என்று பட்டியல் நீண்ட பிறகே அதற்கேற்ற நாளைத் தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது நல்லது. கோடை நிகழ்ச்சி சிறப்பதும் பாழாவதும் நாள், நேரம், நிழல் ஆகிய மூன்றைப் பொறுத்தது. இவற்றை முடிவு செய்துவிட்டால் நிரலில் பாதி தானாகவே அமைந்துவிடும்.

நாள் குறிக்கும்போது ஒரு தாளில் அந்தப் பருவத்தின் வயல் வேலைகள், பள்ளி விடுமுறை, பக்கத்து ஊர்களின் விழாக்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதி, எதனோடும் மோதாத இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலவையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தெருவிளக்கு இல்லாத பாதையில் முதியவர்கள் வீடு திரும்ப வேண்டுமானால் பௌர்ணமிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் பொருத்தமானவை. இரவு வானத்தைக் காட்டும் நிகழ்ச்சியாக இருந்தால் அமாவாசையை ஒட்டிய நாட்களே வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரு தவறான கணக்கு பரவலாக உள்ளது. உச்சிவேளை கடந்தவுடன் வெப்பம் இறங்கிவிடும் என்று நினைத்து மூன்று மணிக்கு விளையாட்டைத் தொடங்குகிறார்கள். சூரியன் உச்சியைத் தாண்டிய பிறகும் சூடேறிய நிலம் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், காற்றின் வெப்பம் உச்சிவேளைக்குச் சில மணி நேரம் கழித்தே உச்சத்தைத் தொடுகிறது. எனவே உடலை வருத்தும் போட்டிகள் அனைத்தையும் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டு, நடுப்பகலைக் கட்டடத்துக்குள் நடக்கும் வேலைகளுக்கு ஒதுக்கி, மாலை ஐந்து மணிக்கு மேல் மீண்டும் திறந்தவெளிக்கு வருவதே சரியான அமைப்பு. பழைய புகைப்படக் கண்காட்சி, விதைப் பரிமாற்றம், புத்தகப் பரிமாற்றம், சைக்கிள் பழுதுபார்க்கக் கற்பிப்பது போன்றவை நடுப்பகலுக்கு ஏற்றவை.

நிழலைக் கணக்கிட ஆளுயரக் கம்புகள் நான்கைந்து போதும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு, அதே நேரத்தில் மைதானத்துக்குச் சென்று, மக்கள் உட்காரப்போகும் இடத்தில் கம்புகளை நட்டு, மரங்களின் நிழலும் கட்டடத்தின் நிழலும் அரைமணிக்கு ஒருமுறை எங்கே நகர்கின்றன என்று சுண்ணாம்பால் குறித்துவர வேண்டும். ஒரு முறை நாங்கள் இதைச் செய்யாமல் மேடையை மேற்கே அமைத்துவிட்டோம். மாலை ஐந்தரை மணிக்குப் பார்வையாளர்கள் அனைவரும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பேச்சாளரை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கிழக்கே அமைத்தால் அதே வெயில் மேடையில் இருப்பவரின் கண்ணில் அடிக்கும். மேடையை வடக்கு அல்லது தெற்குப் பக்கத்தில் வைப்பதுதான் இருவருக்கும் வசதி.

பந்தல் போடுபவரிடம் துணியின் நிறத்தைவிட முளையைப் பற்றிக் கேளுங்கள். முளைகள் பந்தலுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து அடிக்கப்பட வேண்டும். இழுகயிறு ஏறத்தாழ 45 பாகை சாய்வில் இருக்க வேண்டும். குழந்தைகள் தடுக்கி விழாதபடி ஒவ்வொரு கயிற்றிலும் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். வெப்பமான மாலையில் திடீரென்று குளிர்ந்த காற்று வீசினால் கூட்டம் மகிழ்ந்து ஆரவாரம் செய்யும், ஆனால் அமைப்பாளர் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இடிமேகத்திலிருந்து இறங்கும் காற்று மழைக்கு முன்னே ஓடிவருவது அப்படித்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்று தூரத்தைக் கணக்கிடலாம். இடைவெளி 30 விநாடிக்குள் வந்துவிட்டால் அனைவரும் கட்டடத்துக்குள்ளோ கூரை மூடிய வாகனத்துக்குள்ளோ சென்றுவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கடந்தே வெளியே வர வேண்டும். தனித்து நிற்கும் மரமும் பந்தலும் மின்னலுக்குப் பாதுகாப்பு அல்ல. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரத்தை முன்கூட்டியே ஒரே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் மேகம் திரண்ட பிறகு கூடிப் பேசுவதற்கு நேரம் இருக்காது.

குடிநீருக்கு, அரைநாள் நிகழ்ச்சி என்றால் ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று கணக்கிடலாம். 200 பேருக்கு 400 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன்கள் இருபது. அனைத்தையும் ஒரே மேசையில் வைத்தால் அங்கே வரிசை நீளும், வரிசையைப் பார்த்தவர்கள் குடிக்காமல் திரும்பிவிடுவார்கள். ஆகவே மூன்று நான்கு இடங்களில் பிரித்து, நிழலில் வைக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பொட்டலங்கள் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் மாற்றியமைத்த கலவையில் 20.5 கிராம் தூளை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். சிறிய பொட்டலமாக இருந்தால் அதன்மேல் அச்சிட்ட அளவு நீரைத்தான் சேர்க்க வேண்டும். நீரைக் குறைத்துக் கெட்டியாகக் கொடுப்பது குழந்தைகளுக்கு ஆபத்து.

வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தடுமாறினாலோ, அது வெப்பத்தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடலின் உள்வெப்பம் அப்போது 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்க்கிறதே, அதனால் பயமில்லை என்று விட்டுவிடக் கூடாது, ஓடி விளையாடியவருக்கு வியர்வையோடும் இது வரும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுசென்று உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. கடும் வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். மொத்தமாக ஒரே முறை சமைப்பதைவிட இரண்டு மூன்று தவணையாகச் சமைப்பது வேலை கூடினாலும் பாதுகாப்பானது.

நகரத்தில் கிடைக்காத ஒன்று கிராமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது: இருட்டு. அதனால் வானம் பார்க்கும் இரவு ஒன்றை நிரலில் சேர்க்கும்படி நான் எப்போதும் வற்புறுத்துவேன். தொலைநோக்கி தேவையில்லை; படுக்கப் பாய்கள் போதும். கோடை எந்த மாதத்தில் வந்தாலும் ஒரு விண்கல் மழை (எரிநட்சத்திரங்கள் அடுத்தடுத்துத் தெரியும் இரவு) வாய்க்கும்: மே 5, 6 தேதிகளை ஒட்டி ஹாலி வால்விண்மீன் விட்டுச்சென்ற தூசியால் ஈட்டா அக்வாரிட்ஸ், வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் 12, 13இல் பெர்சீட்ஸ், தென் அரைக்கோளத்தின் கோடையில் டிசம்பர் 13, 14இல் ஜெமினிட்ஸ். பூமி தன் பாதையில் முன்னோக்கிச் செல்லும் திசையை நோக்கி நாம் இருக்கும் பக்கம் நள்ளிரவுக்குப் பிறகே திரும்புவதால், பின்னிரவில்தான் பொதுவாக விண்கற்கள் அதிகம் தெரியும். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒருவர் கைப்பேசியைத் திறந்தாலும் அருகிலிருப்பவர் எல்லோருக்கும் அந்த அரைமணி வீணாகிவிடும். ஆகவே நுழைவிலேயே கைப்பேசிகளை அணைக்கச் சொல்லி, டார்ச்சுகளின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் வளையத்தால் கட்டிவிட வேண்டும்.

ஆற்றிலோ ஏரியிலோ விளையாட்டு வைப்பதை முதல் ஆண்டில் தவிர்த்துவிடுங்கள். வைத்தே தீர வேண்டுமானால், நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத இருவரைக் கயிறும் மிதவையுமாகக் கரையில் நிறுத்த வேண்டும். மூழ்குபவர் கூச்சலிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பல நேரங்களில் அது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

நில உரிமையாளரின் ஒப்புதலையும் உள்ளாட்சி, காவல்துறை அனுமதிகளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரைக் கட்டடத்தின் கதவு, சன்னல்களிலிருந்து தள்ளி, புகை கூட்டத்தின் பக்கம் வராத திசையில் வைத்து, அணைத்து ஆறிய பிறகே எரிபொருள் ஊற்ற வேண்டும். முடிக்கும் நேரத்தைக் கடைசிப் பேருந்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

மறுநாள் காலையில் முளை பிடுங்கிய குழிகளை மூடி, குப்பையை அகற்றி, இரவல் வாங்கிய பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள், நினைவு மங்குவதற்கு முன், வேலை செய்தவர்கள் உட்கார்ந்து எத்தனை பேர் வந்தார்கள், எந்த மேசையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது, எந்த வரிசை நாற்காலிகள் வெயிலில் காலியாகக் கிடந்தன என்பதை ஒரு நோட்டில் எழுதி, வரவுசெலவுக் கணக்கையும் அதிலேயே ஒட்டி, அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவரின் கையில் கொடுத்துவிட வேண்டும்.